மயக்க ஊசி ஏன் போடவில்லை? ஹராம்பே விவாதத்தில் தவறிப்போகும் பத்து நிமிடங்கள்

திருகோணமலைக் கோட்டைக்குள் ஓர் ஆண் புள்ளிமான், கொம்பில் நைலோன் வலை சுற்றிக்கொண்டு, வலையின் மறுநுனி முன்னங்கால்களுக்கு இடையில் இழுபட, மரத்தடியில் திகைத்து நின்ற ஒரு காலையில் நானும் அங்கே நின்றேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நாளாந்தம் பார்ப்பதால் இந்த மான்கள் எங்களுக்கு வீட்டு ஆடுகள் போலப் பழகிவிட்டன. ஆனால் வலை இறுகிய அந்த மானின் கண்ணில் பழக்கத்தின் அடையாளம் எதுவும் இருக்கவில்லை. மிருக வைத்தியர் ஒருவர் வந்து, தள்ளி நின்று, மயக்க ஊசியைத் தொடையில் எய்தார். மான் துள்ளி மதிலோரமாக ஓடியது. நேரம் பார்ப்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். நான்கு நிமிடம் கழிந்தும் மான் நான்கு காலில்தான் நின்றது. பக்கத்தில் நின்ற என் பழைய மாணவன் ஒருவன் அப்போதுதான் கேட்டான்: "டீச்சர், அமெரிக்காவில அந்தக் கொரில்லாவுக்கும் இப்பிடி ஊசி போட்டிருக்கலாம்தானே? ஏன் சுட்டவங்கள்?"

2016இல் அமெரிக்க மிருகக்காட்சிசாலை ஒன்றில் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றச் சுட்டுக் கொல்லப்பட்ட ஹராம்பே என்ற கொரில்லாவைப் பற்றிய இந்தக் கேள்வியை நான் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன், பேருந்தில் பின் இருக்கையில் இருந்த இருவர் வாதாடியும் கேட்டிருக்கிறேன். அதில் இரக்கம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மயக்க ஊசி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் இந்த விவாதத்தில் நியாயம் பேச முடியாது. விஞ்ஞானம் கற்பித்தவள் என்ற முறையில் அதை முதலில் இருந்து விளக்க முயல்கிறேன்.

நடந்தது என்ன

2016ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பார்வையாளர் தடுப்பைக் கடந்து, அதற்கு அப்பால் இருந்த செடிகளுக்குள் புகுந்து, ஏறத்தாழ 15 அடி கீழே இருந்த அகழிக்குள் விழுந்தான். அகழியில் ஆழமில்லாத தண்ணீர் நின்றது. கொரில்லாக்கள் மூன்று அந்த வெளியில் இருந்தன. பராமரிப்பாளர்கள் அழைத்ததும் பெண் கொரில்லாக்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஆண் கொரில்லாவான ஹராம்பே போகவில்லை.

ஹராம்பேக்கு அதற்கு முதல் நாள்தான் 17 வயது நிறைந்திருந்தது. எடை ஏறத்தாழ 200 கிலோ. முதிர்ந்த ஆண் கொரில்லாவின் முதுகு மயிர் நரைத்து வெள்ளி நிறம் எடுப்பதால் அதை வெள்ளிமுதுகு என்று அழைப்பார்கள். கூட்டத்துக்குக் காவல் நிற்பது அதுதான். ஹராம்பே சிறுவனிடம் வந்தது. ஒரு நேரம் அவனைத் தூக்கி நிறுத்தியது. இன்னொரு நேரம் அவனைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளால் வேகமாக இழுத்துச் சென்றது. மேலே நின்ற கூட்டம் அலறியது. ஏறத்தாழ பத்து நிமிடங்களின் பின், ஆபத்தான விலங்குகளைக் கையாள்வதற்கென்று பயிற்சி பெற்ற மிருகக்காட்சிசாலைக் குழு ஒரே சூட்டில் ஹராம்பேயைக் கொன்றது. சிறுவன் தலையில் பட்ட அதிர்வோடும் சிராய்ப்புகளோடும் உயிர் தப்பினான்.

அதன் பின் வந்தது உலகம் முழுவதும் கோபம். நீதி கேட்டு எழுதப்பட்ட மனு ஒன்றில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பலர் தாயைத் தண்டிக்கச் சொன்னார்கள். அரச வழக்குத்தொடுநர் விசாரித்து, யூன் 6ஆம் திகதி, தாய்மீது குற்றச்சாட்டு இல்லை என்று அறிவித்தார். மிருகக்காட்சிசாலையின் பணிப்பாளர் தேன் மேனார்ட் தன் குழுவின் முடிவில் உறுதியாக நின்றார்.

மருந்து போகும் வழி

சினிமாவில் ஊசி பட்ட மறுகணம் ஆள் சரிந்து விழுவார். எங்கள் மனதில் பதிந்திருப்பது அந்தக் காட்சிதான். அதை ஒதுக்கிவிட்டு, நாங்களே அனுபவித்த ஒன்றை நினைத்துப் பார்ப்போம். பல் பிடுங்கப் போனால் வைத்தியர் முரசில் விறைப்பு ஊசி போட்டுவிட்டு, "வெளியில கொஞ்ச நேரம் இருங்கோ" என்று சொல்லி வாங்கில் இருத்துகிறார். உதடு தடித்து, நாக்கு மரத்துப் போகும்வரை அடுத்த நோயாளியைப் பார்க்கிறார். ஒரு பல்லைச் சுற்றியுள்ள சின்ன இடம் விறைக்கவே அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. 200 கிலோ எடையுள்ள உடலை விழுத்த வேண்டிய மருந்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

மயக்க ஊசி உண்மையில் ஒரு பறக்கும் சிரிஞ்ச். அழுத்தப்பட்ட வாயு அதைக் குழலில் இருந்து தள்ளுகிறது. தோலைத் துளைத்ததும் உள்ளே இருக்கும் அழுத்தம் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. நியூசிலாந்து மிருக வைத்தியர் கொலின் மர்டொக் 1950களில் உருவாக்கிய இந்தக் கருவி, ஓடும் விலங்கைக் கயிறு போட்டு இழுக்காமல் பிடிக்க வழி செய்தது. அதனால் காப்பாற்றப்பட்ட விலங்குகள் ஏராளம். ஆனால் தூரத்தில் இருந்து எய்யும் ஊசியால் இரத்த நாளத்தைக் குறிபார்க்க முடியாது. அது போய்க் குத்துவது தசையில்.

தசைக்கும் நாளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தம்பலகாமத்து விவசாயியிடம் கேட்டால் அழகாகச் சொல்வார். கந்தளாய்க் குளத்தின் கதவு திறந்த அந்த நிமிடத்திலேயே தம்பலகாமத்துக் கடைசி வயலில் தண்ணீர் நிற்பதில்லை. பெரிய வாய்க்காலில் ஓடி, கிளை வாய்க்காலுக்குப் பிரிந்து, மேல் வயல்கள் குடித்த மிச்சம் வந்து சேர வேண்டும். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் கையில் ஏற்றும் மயக்க மருந்து, பெரிய வாய்க்காலிலேயே நேரடியாக ஊற்றுவது போன்றது; பத்து எண்ணுவதற்குள் கண் மூடிவிடுகிறது. தசையில் போன மருந்தோ, முதலில் தசையைச் சுற்றியுள்ள மயிர்த்துளைக் குழாய்களுக்குள் ஊற வேண்டும், பின்பு இதயத்துக்குத் திரும்ப வேண்டும், அங்கிருந்து மூளைக்கு ஏற வேண்டும், மூளையில் போதிய அளவு சேர வேண்டும். ஊசி குத்திய கணத்துக்கும் விலங்கு உணர்விழக்கும் கணத்துக்கும் இடையில் உள்ள இந்தக் காலத்தை மயக்கம் பிடிக்கும் நேரம் என்று சொல்லுவோம். அது நிமிடக் கணக்கில் அளக்கப்படுவது. யானைகளுக்குப் பயன்படும் எட்டோர்பின் என்ற மருந்து, சில சொட்டுகளே ஒரு மனிதரைக் கொல்லக்கூடிய வீரியம் உடையது. அதற்குக்கூட நிமிடங்கள் தேவைப்படுகின்றன. மருந்து எவ்வளவு வீரியமானாலும் வாய்க்காலின் நீளம் குறைவதில்லை.

மயங்குவதற்கு முன் வரும் கலக்கம்

நேரம் மட்டும் என்றால்கூடப் பொறுத்திருக்கலாம் என்று சிலர் வாதிடலாம். சிக்கல் அந்த நேரத்துக்குள் நடப்பதில் இருக்கிறது.

முதலாவது, ஊசி வலிக்கும். தொடையில் திடீரென்று குத்து விழுந்த விலங்கு, குத்தியவரை மேலே தேடாது. பக்கத்தில் நிற்பதன்மேல் திரும்பலாம். அன்று ஹராம்பேக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு குழந்தை.

இரண்டாவது, பயமும் கோபமும் வந்த உடலில் அதிரினலின் என்ற ஓமோன் சுரக்கிறது. ஓடவோ அடிக்கவோ உடலைத் தயார்ப்படுத்தும் இரசாயனம் அது. தேர்த்திருவிழா இரவில் குதித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைத் தூங்கவைக்கப் படும் பாடு எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அதிரினலின் நிறைந்த உடலில் மயக்க மருந்தின் நிலையும் அதுதான். அமைதியாகப் படுத்திருக்கும் விலங்குக்குப் போதுமான அளவு, கிளர்ந்து நிற்கும் அதே விலங்குக்குப் போதாமல் போகலாம், அல்லது மெதுவாக வேலை செய்யலாம். அளவைக் கண்டபடி கூட்டவும் இயலாது. கூடினால் மூச்சு நின்றுவிடும்.

மூன்றாவதுதான் மக்கள் மிகவும் அறியாதது. விழிப்பில் இருந்து மயக்கத்துக்குள் ஒரே அடியில் இறங்குவதில்லை. இடையில் கலக்கக் கட்டம் ஒன்று இருக்கிறது. மூளையின் அடக்கும் பகுதிகள் முதலில் தளர, உடல் இன்னும் வலுவோடு இருக்கும் நிலை அது. சாராயம் குடித்தவர் விழுந்து தூங்குவதற்கு முன், கை நீட்டிச் சண்டைக்கு வரும் அந்த அரைமணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. 200 கிலோ எடையுள்ள வெள்ளிமுதுகு அந்தக் கட்டத்தில், ஒரு கையில் குழந்தையோடு, தண்ணீருக்குப் பக்கத்தில் தள்ளாடுவதைக் கற்பனை செய்து பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் பார்த்த மானுக்கு அந்தக் கட்டம் ஆறாவது நிமிடத்தில் வந்தது. தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்கள் விலகி, மதிலை இரண்டு தரம் கொம்பால் இடித்தது. ஒன்பதாவது நிமிடத்தில்தான் முழங்காலில் மடிந்து படுத்தது. வைத்தியர் ஓடிப்போய் அதன் கண்களைத் துணியால் மூடி, நாக்கு அடைக்காமல் தலையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, வலையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தையும் போட்டார். புள்ளிமான் கொரில்லாவை விடப் பல மடங்கு சிறியது. அதன் கொம்புக்குக் கீழே அன்று ஒருவரும் இருக்கவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மயக்க ஊசி தசையில் குத்துகிறது, மருந்து மூளைக்குப் போகப் பல நிமிடங்கள் எடுக்கிறது, கிளர்ந்த விலங்கில் அது இன்னும் நீளலாம், அந்த நிமிடங்களில் விலங்கு முன்பைவிடக் கூடுதல் ஆபத்தானதாக மாறலாம். விலங்கு தனியே இருக்கும்போது இது அருமையான கருவி. ஒரு பிள்ளை அதன் கைக்குள் இருக்கும்போது அப்படி அல்ல.

"கொரில்லா சாதுவான விலங்குதானே"

இது உண்மையான வாதம். எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கொரில்லாக்கள் இலைதழை உண்பவை, மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. 1986 ஓகஸ்ட் மாதத்தில் ஜெர்சித் தீவின் மிருகக்காட்சிசாலையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லா வெளிக்குள் விழுந்தபோது, ஜம்போ என்ற வெள்ளிமுதுகு அவனருகே காவலாக நின்று, முதுகைத் தடவியது. 1996 ஓகஸ்ட் மாதத்தில் சிக்காகோவுக்கு அருகே புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில், பின்ரி ஜுவா என்ற பெண் கொரில்லா, தன் குட்டி முதுகில் தொங்க, விழுந்த மூன்று வயதுச் சிறுவனை ஏந்திக்கொண்டு பராமரிப்பாளர் வரும் கதவடிக்குக் கொண்டுவந்தது. இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

ஆனால் அருகில் போய்ப் பார்த்தால் அந்த நிகழ்ச்சிகள் வேறு. ஜெர்சிச் சிறுவன் விழுந்த வேகத்தில் நினைவிழந்து அசையாமல் கிடந்தான். அவன் விழித்து அழத் தொடங்கியதும் கொரில்லாக்கள் விலகிப்போயின. பின்ரி ஜுவா மனிதர் கையில் வளர்ந்தது, குட்டி பராமரிக்கப் பழக்கப்பட்டது, பெண். சின்சினாட்டியில் இருந்ததோ விழிப்போடு இருந்த ஒரு பிள்ளை, அலறும் கூட்டம், ஏற்கெனவே கிளர்ந்துவிட்ட ஓர் இளம் வெள்ளிமுதுகு. அது அவனைக் கொல்ல எண்ணியது என்று ஒருவரும் சொல்லவில்லை; சொல்லவும் தேவையில்லை. அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட முன்னாள் மிருகக்காட்சிசாலைப் பணிப்பாளரான ஜாக் ஹானா, வெள்ளிமுதுகு பச்சைத் தேங்காயைக் கையால் நசுக்கியதைத் தான் கண்டிருப்பதாகச் சொன்னார். கோயில் வாசலில் தேங்காய் உடைப்பதற்கு நாங்கள் எவ்வளவு ஓங்குகிறோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம். விளையாட்டாக இழுத்தாலே ஒரு மூன்று வயதுக் கழுத்து தாங்காது.

முன்பு இருமுறை நல்லபடியாக முடிந்தது என்பதால் மூன்றாம் முறையும் காத்திருந்திருக்கலாம் என்று சொல்வதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கார்த்திகை மார்கழிக் கடலில், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல வள்ளம் இறக்கிப் போனவர் மீனோடு திரும்பி வந்தால், அவர் பிழைத்தார் என்று மகிழலாம். அவர் எடுத்த முடிவு சரி என்று ஆகிவிடாது. முடிவை அளக்க வேண்டியது, அதை எடுத்த கணத்தில் கையில் இருந்த அறிவைக் கொண்டு. கரையேறிய பின் கிடைக்கும் தெளிவைக் கொண்டு அளந்தால் அதிர்ஷ்டசாலிகள் எல்லோரும் அறிவாளிகள் ஆகிவிடுவார்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014 செப்டெம்பர் 23ஆம் திகதி டில்லி மிருகக்காட்சிசாலையில், விஜய் என்ற வெள்ளைப் புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்தார். புலி சில நிமிடங்கள் அவர் முன்னால் நின்று பார்த்தபடியே இருந்தது. அவரைக் காப்பாற்றும் எண்ணத்தில் மேலே நின்றவர்கள் கல் எறிந்தார்கள், சத்தமிட்டார்கள். புலி அவரைக் கழுத்தில் கவ்வியது. அங்கே ஒருவரும் சுடவில்லை, மயக்க ஊசியும் வேளைக்கு வரவில்லை. புலி உயிரோடு இருந்தது, அவர் இறந்தார். கூட்டத்தின் கூச்சல் ஒரு விலங்கை எவ்வளவு விரைவாக மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எது பெரிய உயிர் என்ற கேள்வி

ஹராம்பே மேற்குத் தாழ்நிலக் கொரில்லா இனத்தைச் சேர்ந்தது. மிக ஆபத்தான அளவில் அருகிவரும் இனம். அதனால் சிலர், கோடிக்கணக்கான மனிதருக்குள் ஒரு பிள்ளையா, அருகிவரும் இனத்தில் ஒன்றா என்று தராசு தூக்குகிறார்கள். இந்தத் தராசில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழுவின் முன் இருந்தது இனங்களின் மதிப்பு அல்ல. எந்தத் தவறை ஏற்றுக்கொள்வது என்ற கேள்வி. சுட்டால், ஒருவேளை தீங்கே செய்யாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விலங்கைக் கொன்ற தவறு வரலாம். சுடாவிட்டால், கண்முன்னே ஒரு பிள்ளை இறக்கவிட்ட தவறு வரலாம். இரண்டும் திருத்த முடியாதவை. எது வரும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. முதலாவது தவறை ஏற்றுக்கொண்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஹராம்பேயை நாளும் உணவூட்டிப் பராமரித்தவர்கள் அந்த இடத்திலேயே வேலை செய்தவர்கள் என்பதை மறந்து பேசுவது கொடுமை.

எங்கள் பக்கத்தில் இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018 யூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், பலரைக் காயப்படுத்திய சிறுத்தை ஒன்றைக் கூட்டமாக அடித்துக் கொன்று, படமும் எடுத்தார்கள்; அது நீதிமன்றம்வரை போனது. பயம் இரண்டு இடத்திலும் உண்மை. ஆனால் ஒரு பிள்ளையை மீட்க வேறு வழியில்லாமல் பயிற்சி பெற்றவர் சுட்ட ஒரு குண்டையும், கும்பலின் தடியடியையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியல்ல.

கட்டில்லாத கிணறு

பத்து நிமிடங்களுக்குள் நல்ல வழி எதுவும் இருக்கவில்லை என்றால், நல்ல வழி இருந்தது அந்தப் பத்து நிமிடங்களுக்கு முன்னால். விவாதத்தின் முழுக் கோபமும் போயிருக்க வேண்டிய இடம் அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கம்பிக் கூண்டு இல்லாமல், அகழி ஒன்றை மட்டும் இடையில் வைத்து விலங்கைக் காட்டும் முறையைப் பரவலாக்கியவர் ஜெர்மனியரான கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹம்பேர்க் நகரின் அருகே அவர் அமைத்த பூங்கா அதற்கு வழிகாட்டியது. எங்கள் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவில் பார்க்கும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு வித்திட்டவர் அவருடைய தந்தை ஒன்றான, தாய் வேறான சகோதரர் ஜோன் ஹாகன்பெக். 1936இல்தான் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அகழி முறை விலங்குக்கு வெளியும் வெளிச்சமும் தந்தது. ஆனால் அகழி தடுப்பது விலங்கை. பார்க்க வரும் பிள்ளையை அது தடுப்பதில்லை. அந்த வேலை மேலே இருக்கும் தடுப்புடையது.

சின்சினாட்டியில் அந்தத் தடுப்பின் உயரம் ஏறத்தாழ மூன்று அடி, அதாவது 91 சென்ரிமீற்றர். மூன்று வயதுப் பிள்ளையின் உயரமே ஏறத்தாழ அவ்வளவு வரும். கொரில்லா வெளி 1978இல் திறந்தது. 38 ஆண்டுகளில் ஒருவரும் விழவில்லை என்பதை அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகச் சொன்னார்கள். இது மார்கழிக் கடலில் மீனோடு திரும்பியவரின் கதைதான். சம்பவம் நடந்து பத்து நாட்களில், யூன் 7ஆம் திகதி மீண்டும் திறந்தபோது, தடுப்பு 42 அங்குலமாக உயர்ந்திருந்தது. இடைவெளிகளில் நுழைய முடியாதபடி கயிற்று வலையும் பின்னியிருந்தார்கள். ஒரு சாண் அளவுகூட வராத உயரமும் கொஞ்சம் கயிறும்.

கட்டில்லாத கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்தால் எங்கள் ஊரில் தாயைப் பார்த்துக் கத்துகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் அயலில் உள்ள பெரியவர்கள் அடுத்த நாளே சீமெந்தோடு வந்து கட்டு எழுப்புவார்கள். மூன்று வயதுப் பிள்ளை தாயின் கையில் இருந்து நழுவ ஒரு நொடி போதும். அந்த நொடியைத் தாங்குவதற்காகவே கட்டு.

மான் எழுந்து போனபின், கூட்டம் கலைந்த அதே இடத்தில், வெளியூரில் இருந்து வந்த ஓர் இளம் தாய் தன் மகளின் கையில் பாண் துண்டைக் கொடுத்து, இன்னோர் ஆண் மானின் அருகே நிற்கவைத்துக் கைத்தொலைபேசியை உயர்த்தினார். பிள்ளைக்கு நான்கு வயது இருக்கும். மான் பாணுக்காகத் தலையைத் தாழ்த்தியபோது கொம்பின் முனை பிள்ளையின் கண்ணுக்கு நேரே வந்தது. இடையில் ஒரு கயிறுகூட இல்லை. "தங்கச்சி, கோபிக்காதேங்கோ, பிள்ளையைக் கொஞ்சம் பின்னால எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே நான் சிறுமியின் தோளைப் பிடித்தேன். அவர் முதலில் திகைத்து, பிறகு கொம்பைப் பார்த்து, மகளைத் தூக்கிக்கொண்டார். பாண் துண்டு மண்ணில் விழுந்தது. மான் அதை எடுத்துத் தின்றுவிட்டு நிழலுக்குப் போனது.